கள்ளுக்கடை முதல் டாஸ்மாக் பார் வரை… ஊர்க் கடைக்கு உண்மையில் முதலாளி யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய் 'கடை எங்கேண்ணா?' என்று கேட்டுப் பாருங்கள். 'எந்தக் கடை?' என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். டீக்கடைக்கு ஒரு பெயர் இருக்கும், பிரியாணிக் கடைக்கு ஒரு பாய் இருப்பார். இந்தக் கடைக்கு ஒரு போர்டும் ஒரு நம்பரும் மட்டும்தான். மதியம் 12 மணிக்கு ஷட்டர் ஏறும், இரவு 10 மணிக்கு இறங்கும்.

சரி, அந்தக் கடைக்கு முதலாளி யார்? 'கவர்மென்ட்தான்' என்பது சட்டென்று வரும் பதில். அது பாதிதான் சரி. கட்டடம் பெரும்பாலும் ஒரு தனியாருடையது. மாத வாடகை அவருக்குப் போகிறது. சரக்கு டாஸ்மாக்குடையது. கவுன்டரில் நிற்பவர் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஊழியர். பக்கத்தில் ஷீட் கூரை போட்டு, டேபிள் போட்டு, சுண்டலும் ஆம்லெட்டும் விற்கும் பார், டெண்டர் எடுத்த இன்னொருவருடையது. ஒரே வளாகத்தில் நான்கு பேர். ஏதாவது பிரச்சினை என்றால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிட இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

இங்கிலாந்தில் கிராமத்துக்கு ஒரு பப் இருக்கும். அதை நடத்துபவரை 'லேண்ட்லார்ட்' என்பார்கள். பல இடங்களில் கட்டடம் பீர் கம்பெனியுடையதாக இருக்கும்; ஆனாலும் லைசென்ஸ் வைத்திருப்பவரின் பெயர் வாசலுக்கு மேலே எழுதப்பட்டிருப்பது அங்கே நெடுங்கால வழக்கம். நம்மூர்க் கடை வாசலிலும் அப்படி ஒரு பெயர்ப்பலகை இருந்திருந்தால், கடந்த 100 வருஷத்தில் அதை எத்தனை முறை அழித்து எழுதியிருக்க வேண்டும் என்று பார்த்தாலே தமிழ்நாட்டின் மது வரலாறு முழுவதும் வந்துவிடும்.

மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம்

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்பு பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. கடலை ஒட்டிய பகுதியில் பனை அதிகம். பழவேற்காட்டில் பனை ஓலையில் கூடை பின்னும் தொழில் இன்றைக்கும் இருக்கிறது. பனை இருந்த இடத்தில் கள்ளும் இருந்தது.

கள்ளுக்கும் பதநீருக்கும் ஒரே மரம், ஒரே பாளை. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்துக் கள். தயாரிக்க ஃபேக்டரி வேண்டாம், முதலீடு வேண்டாம். மரம் ஏறத் தெரிந்தவர் போதும். அதனால்தான் இதற்கு வரி போடுவது ஆங்கிலேய ஆட்சிக்குத் தலைவலியாக இருந்தது. யார் வீட்டுத் தோப்பில் எவ்வளவு இறங்குகிறது என்று எப்படிக் கணக்கெடுப்பது?

1886-ல் வந்த மதராஸ் ஆப்காரிச் சட்டம் இந்தக் கணக்கைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கள் இறக்கும் மரத்துக்குத் தனியாக வரி. விற்கும் கடைக்கு ஏலம். ஏலம் எடுத்தவர்தான் ஊர்க் கடையின் முதல் 'லேண்ட்லார்ட்'. மரம் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை, ஏறுபவர் வேறு ஆள், கடையில் ஊற்றிக் கொடுப்பவர் வேறு ஆள். அவரிடம் இருந்தது ஒரு உரிமை மட்டும். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான்.

இந்தக் 'குறிப்பிட்ட காலம்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதிக விலைக்கு ஏலம் எடுத்தவர், கெடு முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அடுத்த ஏலத்தில் கடை தன் கைக்கு வரும் என்று உத்தரவாதம் கிடையாது. அப்புறம் என்ன செய்வார்? கடன் கொடுத்தாவது குடிக்க வைப்பார், தண்ணீர் கலப்பார், கணக்கில் வராத சரக்கையும் விற்பார். ஊரோடு நீண்ட உறவு வைத்துக்கொள்ள அவருக்குக் காரணமே இல்லை. அரசுக்கோ வேலை சுலபம். ஏலத் தொகையை வாங்கி வைத்துவிட்டால் போதும். மதராஸ் மாகாணத்தின் வருமானத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானமாக ஆப்காரி வளர்ந்தது இப்படித்தான்.

1921-22 ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் ஏன் அவ்வளவு முக்கியமானது என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. கடை வாசலில் உட்கார்ந்தால் அடி நேராக அரசாங்கத்தின் கல்லாப்பெட்டியில் விழும். ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் மறியலுக்கு வந்தார்கள். காங்கிரஸில் இருந்த பெரியார் தன் சொந்தத் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டச் சொன்னார்.

திருத்தணியில் முதலில் மூடியது

1937-ல் மதராஸ் மாகாணப் பிரதமரான ராஜாஜி, அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் சித்தூருக்கும் கடப்பாவுக்கும் விரிந்தது. இதில் நம் பகுதிக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு. திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960-ல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆகவே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மதுவிலக்கு 1938-லேயே வந்துவிட்டது.

மூடிய கடைகளால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி அரசு விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இன்று நாம் கட்டும் ஜி.எஸ்.டி.க்கு எத்தனையோ தாத்தாக்கள் உண்டு. அதில் ஒருவர் கள்ளுக்கடை மூடலால் பிறந்தவர்.

உலகப்போர் காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1946-ல் மறுபடி தொடங்கி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1948-ல் மாகாணம் முழுவதும் அமலானது. ஊர்க் கடை காணாமல் போனது. ஏலதாரர் இடத்துக்கு, ஓடைக்கரையில் ஊறல் போட்டுக் காய்ச்சுபவர் வந்தார்.

1971: ஒரே வருஷத்தில் இரண்டு வரவு

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளை உருவாக்க சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது 1971-ல். கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது அதே வருஷம் ஆகஸ்ட் 30-ல். முதியவரான ராஜாஜி நேரில் வந்து 'வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டும் நிதி நெருக்கடி ஜெயித்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் திரும்பின. ஏலமும் திரும்பியது. மூன்றே வருஷத்தில், 1974-க்குள், மறுபடி மூடினார்கள்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981 மே 1-ல் மூன்றாவது திறப்பு. இந்த முறை கடைக்காரர் வேறு ரகம். ஊர் ஊராகச் சின்னச் சின்ன ஏலதாரர்கள் என்பது போய், பல கடைகளைச் சேர்த்து எடுக்கும் பெரிய சாராய கான்ட்ராக்டர்கள் வந்தார்கள். ஏலத்தில் போட்டி வராமல் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வது, கேட்க வருபவரை மிரட்டி உட்கார வைப்பது எல்லாம் இந்தத் தொழிலின் பகுதி. அந்தப் பணம்தான் பின்னால் கல்லூரிகளாக மாறியது என்பது தமிழக அரசியலில் இன்றும் ஓயாத பேச்சு. 1983-ல் அரசு டாஸ்மாக்கைத் தொடங்கியது. ஆனால் அதன் வேலை அப்போது மொத்த வியாபாரம் மட்டும். பிராந்தி, விஸ்கியை வாங்கிக் கடைக்காரருக்குக் கொடுக்கும். கடை தனியாருடையது.

1987 தொடக்கத்தோடு கள்ளும் சாராயமும் போயின. அன்று போன கள் இன்று வரை தமிழ்நாட்டுக்குச் சட்டப்படி திரும்பவில்லை. 1990-ல் 'மலிவு விலை மது' வந்தது. 1991-ல் ஜெயலலிதா முதல்வரானதும் முதல் வேலையாக அதை ஒழித்தார். மிச்சம் இருந்தது பாட்டில் சரக்கு மட்டும். கலயம், கிளாஸ் என்று இருந்த ஊர்க் கடை, 180 மில்லி குவார்ட்டர் பாட்டில் விற்கும் 'ஒயின் ஷாப்' ஆனது அப்போதுதான். ஒயின் அங்கே தேடினாலும் கிடைக்காது என்பது வேறு கதை.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது

இதே காலத்தில் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. கும்மிடிப்பூண்டியில் புறநகர் ரயில் ஏறினால் எளாவூர், ஆரம்பாக்கம், அதற்கடுத்த ஸ்டேஷன் தடா. தடா இப்போது திருப்பதி மாவட்டம். 2022 வரை நெல்லூர் மாவட்டம். அந்த நெல்லூரில், தூபகுண்டா கிராமத்தில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக்கடையை மூட வைத்தார்கள். அந்தப் போராட்டத்தின் முகமாக ரோசம்மா என்ற கிராமத்துப் பெண் அறியப்பட்டார். அவர்கள் கதையே அடுத்த பாடப்புத்தகத்தில் பாடமாக வந்தது. மற்ற ஊர்ப் பெண்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் ஊரிலும் கிளம்பினார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த இடம் ரொம்பச் சரியானது: ஏல அறை. கடையை உடைத்தால் நாளைக்கே திறப்பார்கள். ஏலமே நடக்காவிட்டால்? கான்ட்ராக்டருக்கு உரிமை இல்லை, அரசுக்கு வருமானம் இல்லை. பெண்கள் திரண்டு நின்றதால் ஏலங்கள் தள்ளிப்போயின. 1993 அக்டோபரில் ஆந்திரா முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். 1997-ல் அது தளர்த்தப்பட்டது.

முதலாளி யார் என்று தெளிவாகத் தெரிந்ததால் அந்தப் போராட்டத்துக்கு ஒரு முகவரி இருந்தது. நம் பக்கம் அடுத்து வந்த மாற்றம் அந்த முகவரியையே எடுத்துவிட்டது.

பட்டதாரிகள் வந்த நாள்

2003 நவம்பர் 29. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. ஜெயலலிதா அரசு சொன்ன காரணம்: ஏலதாரர்கள் கூட்டு சேர்ந்து அரசை ஏமாற்றுகிறார்கள். அதில் உண்மை இருந்தது என்பதற்கு வருமானமே சாட்சி. 2003-04-ல் மதுவால் அரசுக்கு வந்தது சுமார் 3,640 கோடி ரூபாய். 2023-24-ல் 45,855 கோடி. 2024-25-ல் 48,344 கோடி. (விலையும் வரியும் இந்த 20 வருஷத்தில் பல முறை ஏறியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.)

கடைகளை நடத்த வேலையில்லாப் பட்டதாரிகளையும் பிளஸ் டூ முடித்தவர்களையும் சூப்பர்வைசர், சேல்ஸ்மேன் என்று எடுத்தார்கள். தொகுப்பூதியம். அன்று இருபதுகளில் சேர்ந்தவர்களுக்கு இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பணி நிரந்தரம் என்ற கோரிக்கை அப்படியே இருக்கிறது. 2025 ஏப்ரலில் மாதம் 2,000 ரூபாய் ஊதிய உயர்வு அறிவிக்கப்பட்டபோது அதைப் பெறுபவர்கள் 23,629 பேர் என்று அரசு சொன்னது. மாநிலத்துக்கு இவ்வளவு சம்பாதித்துத் தரும் ஒரு துறையின் ஊழியர் 20 வருஷம் கழித்தும் தொகுப்பூதியத்தில் இருப்பது வினோதம்தான். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கும் பழக்கத்தைப் பற்றி சோஷியல் மீடியாவில் எவ்வளவோ வீடியோ வந்திருக்கிறது. அது தவறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கவுன்டரில் நிற்பவரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் கதையின் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம்.

பார் மட்டும் ஏன் தனியார்?

கடையை அரசு எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து குடிக்கும் இடத்தை எடுக்கவில்லை. 2003 விதிகளின்படி கடையை ஒட்டிய பாருக்கு டெண்டர். டெண்டர் எடுத்தவர் சரக்கு விற்கக் கூடாது. அவர் செய்யக்கூடியது இரண்டு: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில்களைச் சேகரித்து விற்பது. அதற்காக மாதாமாதம் டாஸ்மாக்குக்குப் பணம் கட்டுகிறார்.

சைடு டிஷ்ஷும் காலி பாட்டிலும் விற்று அவ்வளவு பெரிய தொகை கட்ட முடியுமா என்று யாருக்கும் தோன்றும். 10 மணிக்கு மேலும், காலையில் கடை திறப்பதற்கு முன்பும் கூடுதல் விலைக்கு 'பிளாக்'கில் சரக்கு கிடைக்கிறது என்ற புகார் ஷிஃப்ட் வேலை நடக்கும் எல்லாத் தொழிற்பேட்டைகளிலும் கேட்கும் புகார்தான். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை 6 மணிக்கு வெளியே வருபவருக்கு, சட்டப்படி கடை திறக்க இன்னும் 6 மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளிதான் பிளாக் வியாபாரத்தின் மூலதனம். பழைய ஏலதாரரின் கதையை மறுபடி படியுங்கள்: அதே குறுகிய கெடு, அதே முன்பணம், அதே அவசரம்.

இடத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போனது. 2021 டிசம்பரில் வந்த பார் டெண்டரை எதிர்த்து, ஏற்கெனவே பார் நடத்திவந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பார் இருக்கும் இடத்தின் உரிமையாளருடைய ஒப்புதல் இல்லாமல் வேறொருவருக்கு எப்படி டெண்டர் விட முடியும் என்பது பிரச்சினை. தீர்ப்பு யாரும் எதிர்பாராத பக்கம் திரும்பியது. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் டாஸ்மாக் பார்களை அனுமதிக்கவே இடமில்லை, 6 மாதத்தில் மூடுங்கள் என்று 2022 தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது, பார்கள் தொடர்ந்தன.

காலி பாட்டில் வியாபாரத்திலும் கை வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அதைத் திரும்பத் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. காட்டில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிப்பதைத் தடுக்க உயர்நீதிமன்றம் சொன்ன வழி அது.

ரோட்டிலிருந்து ஊருக்குள்

கும்மிடிப்பூண்டியை நெடுஞ்சாலை இல்லாமல் யோசிக்க முடியாது. பழைய ஜி.என்.டி. ரோடு, அப்புறம் என்.எச். 5, இப்போது என்.எச். 16. லாரிகள் நிற்கும் இடத்தில் கடையும் இருந்தது.

வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில் 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. மக்கள்தொகை 20,000-க்குள் இருக்கும் ஊர்களுக்கு அது பின்னர் 220 மீட்டராகக் குறைந்தது. 2017 ஏப்ரல் 1-ல் தமிழ்நாட்டில் சுமார் 3,300 கடைகள் ஒரே நாளில் மூடின.

நல்லதுதானே? விபத்து குறைய வேண்டும் என்பதற்காக வந்த தீர்ப்பு. ஆனால் மூடிய கடைகளுக்கு மாற்று இடம் தேடியபோது அவை ரோட்டை விட்டுக் குடியிருப்புகள் பக்கம் நகர்ந்தன. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த வீடியோ நாடு முழுவதும் ஓடியது அந்த ஏப்ரலில்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2015 ஜூலை 31-ல், கடையை அகற்றக் கோரி கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் டவரில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் இறந்துபோயிருந்தார். 2016-ல் 500, 2017-ல் 500, 2023 ஜூனில் 500 என்று அரசுகள் கடைகளைக் குறைத்தன. 2023 ஜூன் குறைப்புக்குப் பிறகு இருந்த எண்ணிக்கை 4,829.

கடை இல்லாத இடத்தின் முதலாளி

'மொத்தமாக மூடினால் என்ன?' என்பவர்களுக்கு அரசுத் தரப்பு எப்போதும் காட்டுவது கள்ளச்சாராயத்தை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். இரண்டு இடத்திலும் டாஸ்மாக் இருக்கும்போதே இது நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். குவார்ட்டர் விலை கட்டுப்படியாகாதவர்கள்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள்.

இரண்டிலும் கொன்றது மெத்தனால். பெயின்ட், பிசின், மருந்து, ரசாயன ஆலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் அன்றாடம் பயன்படும் திரவம் இது. அதாவது, ஊறல் போட்டு வருவதல்ல. தொழிற்சாலையிலிருந்து வெளியே கசிந்து வருவது. பார்க்க, மணக்க சாராயம் மாதிரியே இருக்கும். உடலுக்குள் போனதும் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. முதலில் போவது பார்வை. பல மணி நேரம் கழித்துத்தான் அறிகுறி தெரியும் என்பதால், 'போதை தெளியலை' என்று வீட்டில் படுக்க வைத்திருக்கும் நேரத்திலேயே பலர் கைமீறிப் போகிறார்கள். குடித்தவருக்குக் கண் மங்குகிறது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சிப்காட் பகுதியில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

தடாவில் குலுக்கல், கும்மிடிப்பூண்டியில் நம்பர்

ஆந்திரா 2019 அக்டோபரில் தமிழ்நாட்டு மாடலுக்கு வந்தது. ஜெகன் அரசு சில்லறைக் கடைகளைக் கையில் எடுத்தது. ஐந்தே வருஷம். 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு அரசு 3,396 கடைகளைக் குலுக்கல் முறையில் மறுபடி தனியாருக்குக் கொடுத்தது. ஒரு விண்ணப்பத்துக்குத் திருப்பித் தராத கட்டணம் 2 லட்சம் ரூபாய். வந்த விண்ணப்பங்கள் 90,000-க்குப் பக்கம். கடை திறக்கும் முன்பே, விண்ணப்பக் கட்டணமாக மட்டும் கிட்டத்தட்ட 1,800 கோடி அரசுக்கு வந்துவிட்டது.

இப்போது ஒரே நெடுஞ்சாலையில், சில ஸ்டேஷன் இடைவெளியில், இரண்டு வித லேண்ட்லார்ட். தடாவில் சீட்டு விழுந்த ஒரு தனியார். கும்மிடிப்பூண்டியில் டாஸ்மாக். ஒரு பக்கம் விலையோ நேரமோ மாறினால் மறுபக்கக் கல்லாவில் தெரியும். 2020 மே மாதம் ஊரடங்கில் தமிழ்நாடு கடைகளைத் திறந்தபோது அரசு சொன்ன காரணமே, ஆந்திராவும் கர்நாடகாவும் திறந்துவிட்டதால் மக்கள் எல்லை தாண்டுகிறார்கள் என்பதுதான்.

கடை வேண்டாம் என்று நினைக்கும் ஊருக்கு இதில் என்ன இடம் இருக்கிறது? 2003 விதிகள் பேசுவது தூரத்தை: பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். அந்த அளவுக்கு வெளியே கடை இருந்தால், ஊர்க்காரர்களுக்கு மிஞ்சுவது கலெக்டரிடம் மனுவும் கிராம சபைத் தீர்மானமும். கிராம சபை வருஷத்துக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நான்கு நாள் டாஸ்மாக்கே லீவு.